எட்டுப் பக்க நூல்

அக்கரைப்பற்றில் என் மெசின் நிற்கிற அறைக்கு
ஒரேயொரு ஜன்னல். அதிலும் அரைவாசியைத்
தண்ணீர்த் தாங்கி மறைத்திருக்கும்.
அங்கிருந்துதான் விற்கிறேன்:
தையல் மெசினில் நூல் ஏன் அறுகிறது என்று
எட்டுப் பக்கம், ஒரு பிடிஎஃப்,
முந்நூற்றைம்பது ரூபா.

கார்மென்ட்ஸில் பதினொரு வருடம்
மற்றவர்களின் மெசின்களைத் திறந்து பார்த்ததில்
எனக்கு மிஞ்சியது அவ்வளவுதான்.
ஊசியின் தட்டைப் பக்கம் பின்னால் இருக்கவேணும்.
காலைத் தூக்கி வைத்துத்தான் நூல் கோர்க்கவேணும்;
கால் இறங்கியிருந்தால் தட்டுகள் இரண்டும்
வாயை மூடிக்கொள்ளும், நூல் வெளியே நிற்கும்.
இதைச் சொல்ல எட்டுப் பக்கமே கூட.

தோஹாவிலிருந்து ஹில்மி வீடியோவில் வந்தான்.
"இப்பிடியா ராத்தா விக்கிறது?
வெள்ளி, தங்கம், வைரம் எண்டு மூணு வைங்க.
வைரத்துக்கு நாப்பது வீடியோ சும்மா குடுங்க.
மணிக்கூடு ஒண்டு போடுங்க, பின்னுக்கு ஓடட்டும்,
ஆக்கள் பயந்து வாங்குவாங்க."

செய்தேன். சொந்தத் தம்பி, கெடுக்கவா சொல்வான்.
தைக்க வந்த சல்வார்கள் மூன்று கிழமை
கதிரையில் குவிந்து கிடக்க,
போனை அலுமாரிமேல் சாய்த்து வைத்து
ஒரு பொத்தான் துளையை நாற்பது விதமாய்ப் பேசினேன்.
கரண்ட் போன நேரம் மட்டும் வாய் ஓய்ந்தது.
மணிக்கூடு பூச்சியத்துக்கு வரும்,
வெட்கமில்லாமல் மறுபடி பன்னிரண்டில் தொடங்கும்.
கடன்காரன் வாசலில் நிற்பதுபோல
அதைப் பார்க்க எனக்கே கூச்சம்.

வெள்ளி, இரண்டு போனது.
தங்கம், ஒன்று.
வைரத்தை ஹில்மியின் கூட்டாளி வாங்கினான்,
அவனிடம் மெசின் இல்லை.

மறுகா ஒரு வியாழன், இரவு ஒன்றரைக்கு,
வெல்லாவெளியிலிருந்து யோகமலர் என்றொருத்தி
குரல் அனுப்பினாள். பின்னால் தவளைச் சத்தம்.
"அக்கா, விடிஞ்சா கலியாணம், பிளவுசு பாதியில நிக்குது.
கீழ்ப்பக்கம் நூல் குருவிக்கூடு மாதிரிச் சுத்துது.
உங்கட பக்கத்துக்குப் போனன்,
தங்கமா வைரமா எண்டு கேக்குது.
எனக்கு நகை வேணாங்கா,
நூலைச் சொல்லுங்க."

சிரித்து முடிய வெட்கம் வந்தது.
காசு கேட்காமல் ஒற்றை வரி எழுதினேன்:
மெசின்ட காலைத் தூக்குங்க, நூலை உருவுங்க, திரும்பக் கோருங்க.
ஒன்றே முக்காலுக்கு
ஓடுகிற மெசினின் சத்தம் வந்தது,
பதினேழு விநாடி.
சொல் ஒன்றும் இல்லை.

விடியமுன் மணிக்கூட்டைப் பிடுங்கினேன்.
வைரத்தை அழிக்கும்போது மட்டும், சொல்வதற்கென்ன,
கை ஒள்ளுப்பம் நின்றது:
நாற்பது வீடியோ, அத்தனை தொண்டைத் தண்ணீர்.
அதுவும் போனது. ஹில்மி இரண்டு நாள் பேசவில்லை.

இப்போது ஒரு விலை, காசு போட ஒரு நம்பர்.
மேலே, யோகமலரின் சொல்லிலேயே ஒரு கேள்வி:
கீழ்ப்பக்கம் நூல் குருவிக்கூடு மாதிரிச் சுத்துதா?

போன மாதம் முப்பத்தொரு பேர் வாங்கினார்கள்.
தண்ணீர்த் தாங்கி இருந்த இடத்தில்தான் இருக்கிறது.
பொத்துவிலில் ஒருத்தி காசைத் திருப்பிக் கேட்டாள்,
அவளுடையது கையால் சுற்றுகிற பழைய மெசின்,
என் படங்கள் அதற்குப் பொருந்தாது.
கொடுத்துவிட்டு
விலைக்கு மேலே ஒரு வரி சேர்த்தேன்:
கைமெசினுக்கு இது உதவாது.
எட்டுப் பக்கத்தையும்விட
அந்த மூன்று சொல்லுக்குத்தான் கனநேரம் பிடித்தது.

"வாற ஆக்களை ஏன் ராத்தா துரத்துறீங்க?"
என்றான் ஹில்மி, தோஹா வெயிலில் கண் சுருங்க.
என் வாயில் நூல் இருந்தது.
நுனியை நனைத்து, பிசிரை வெட்டி,
ஊசிக்கண்ணில் விட்டேன்.
வாசலில் சல்வார்க்காரி கூப்பிட்டாள்.
போனைக் கவிழ்த்து வைத்தேன்.